ஜூலையில் மைனஸ் நாற்பது

நாரின் ஊரில் அன்று முப்பத்தொரு டிகிரி.
பட்டறையின் தகரக் கூரை
டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது.
ஸ்கேனர் திரையில் மட்டும்
டீசலின் வெப்பம்
மைனஸ் நாற்பது.

சோவெத்பெக் எட்டிப் பார்த்தான்.
"செல்சியஸா, பாரன்ஹீட்டா?"
எதுவானாலும் ஒன்றுதான் என்றேன்.
இரண்டு அளவுகளும்
கைகுலுக்கிக்கொள்ளும் ஒரே இடம் அது.
அவன் சிரிக்கவில்லை.
கம்பளி மூட்டைகளோடு
சீன எல்லைக்குப் போகவேண்டிய லாரி
மூன்று நாளாய் மேடேற மாட்டேனென்கிறது.

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தான்.
உள்ளே இரண்டு பழைய சென்சார்கள்.
"ஒன்று வண்டியோடு வந்தது.
ஒன்று ஓஷ் சந்தையில்.
இப்போது மாட்டியிருப்பது பிஷ்கேக்கில் வாங்கியது.
மூன்றும் சொத்தை, எஜே."

எஜே என்றால் அக்கா.
என்னைவிட நாலு வயது மூத்தவன் அவன்.
காசு தரவேண்டிய ஆண்கள் எல்லாரும் இங்கே
தம்பிகள்.

குடிக்க ஊற்றிவைத்த தேநீரில்
முதலாவதைப் போட்டேன்.
மீட்டரின் இரு முனைகளையும் பிடித்தேன்.
இரண்டாயிரத்து நானூறு ஓம்.
ஆயிரத்து நூறு.
எழுநூறு.
முந்நூற்றைம்பது.
சூடு ஏற ஏறத் தடை இறங்கியது,
வீம்புக்காரன் மடியில்
குழந்தையை வைத்தாற்போல.
இரண்டாவதும் அப்படியே இறங்கியது.

"இதுகளுக்கு ஒரு கேடும் இல்லை," என்றேன்.
"அப்போ நான் கொட்டின காசு?"
அதற்கு மீட்டரில் அளவு கிடையாது.

லாரிக்கு வந்தேன். பிளக்கைக் கழற்றினேன்.
இரண்டே கம்பி.
ஒன்று போகும், ஒன்று திரும்பும்.
போகிற கம்பியில் ஐந்து வோல்ட், குறைவில்லை.
தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி
இரண்டு துளையையும் இணைத்தேன்.
எண் தாவியிருக்கவேண்டும்,
கொதிநிலைக்கு மேலே.
தாவவில்லை.
மைனஸ் நாற்பது. அசையாமல்.

ஊசியின் ஒரு காலை மட்டும் இழுத்து
எஞ்சின் இரும்பில் தொட்டேன்.
நூற்றைம்பது!
சோவெத்பெக் ஓரடி பின்வாங்கினான்,
ஏதோ வெடிக்கப்போவதுபோல.

போகும் வழி சரி. திரும்பும் வழி
எங்கோ அறுந்திருக்கிறது.
சென்சார் பாவம்
தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
கம்ப்யூட்டருக்கோ
பதில் வராத வீடெல்லாம்
பனியில் உறைந்த வீடு.

வண்டிக்கு அடியில் மல்லாந்து
கம்பிக்கட்டை விரலால் தடவிக்கொண்டே போனேன்.
வெளித்தோலில் கீறல் இல்லை, பிசுக்கு மட்டும்.
பில்டருக்குப் பக்கத்தில்
ஓர் இரும்புப் பிடி. கம்பெனி வைத்ததல்ல.
திருகு கோணலாய் இறங்கி
பழுப்புக் கம்பியின் கழுத்தில் நின்றிருந்தது.

"இது யார் வேலை?"

சக்கரத்துக்கு அப்பால்
அவன் செருப்புகள் இரண்டும்
சற்று நேரம் பேசவில்லை.

ஜனவரி. கணவாய்க்கு இப்பால்.
டீசல் கெட்டி மெழுகாகி
குழாயை அடைத்த இரவு.
பின்னால் வந்த ஒரு லாரிக்காரனிடம்
ஹீட்டர் ஒன்றை வாங்கி
டார்ச்சைப் பல்லில் கடித்து
அவனே மாட்டியிருக்கிறான்.
"விரல் எனக்கு இருக்கா இல்லையான்னே
தெரியல, எஜே. திருகு எங்க போச்சுன்னு
யார் பார்த்தா?"

ஜனவரியைத்தான் லாரி
ஜூலைவரை சுமந்திருக்கிறது
பழுப்புக் கம்பியில், ஒரு நூல் அகலத்தில்.

வெட்டினேன். செம்பு பச்சை பூத்திருந்தது.
நல்ல இடம்வரை சீவி, பற்றவைத்து,
உறைக்குழாயை லைட்டரில் சுருக்கினேன்.
சாவியைத் திருப்பினான்.
முப்பத்தெட்டு.
ஒரு நிமிடம் கழித்து முப்பத்தொன்பது.
இரண்டு பேரும் அந்த எண்ணையே
பார்த்துக்கொண்டிருந்தோம்,
வேறு வேலை இல்லாதவர்கள் மாதிரி.

"ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிடவா?"
"எறியாதே. அக்டோபர் வரும்.
பிடியை மட்டும் நாலு விரல் தள்ளி வை."

கூலி அறுநூறு சோம் என்றேன்.
நல்ல சென்சார் இரண்டையும் நீட்டி
இதில் கழித்துக்கொள் என்றான்.
ஒன்றுக்குக் கழித்தேன்.
தேநீரைக் கணக்கில் சேர்க்கவில்லை.