லைன் கிளியர்

ஈ.பி.காரன் வீட்டில்
இன்வெர்ட்டர் வைத்தால் ஊர் சிரிக்கும் என்றார் சபாநாதன்.
ஊர் இப்போது சிரிக்கிற நிலையில் இல்லை.
புயல் போன மூன்றாம் ராத்திரி.
புதுப்பாளையம் முழுக்க இருட்டு,
முறிந்த வாதாங்கிளை தெருவை அடைத்துக் கிடக்கிறது.
எங்கள் மூன்றடித் தொட்டி
வாயை மூடிவிட்டது.

நாலு வருஷமாக அந்த மோட்டாரின் கொரகொரப்பைத்
திட்டிக்கொண்டேதான் தூங்கினேன்.
நின்றதிலிருந்து
தூக்கம் இல்லை.

பேட்டரி மோட்டார் ஒன்று உண்டு,
பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது.
ரெண்டு பெரிய செல் போட்டால்
ராத்திரி முழுக்கத் தாங்கும் என்றான்.
தாங்கியது, ஒரு ராத்திரி.
பாரதி ரோட்டில் எந்தக் கடையிலும்
செல் இல்லை, மெழுகுவத்தி இல்லை,
பால் பாக்கெட்டும் இல்லை.

டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
மாலிகள் மேலே வந்து தண்ணீரின் தோலைக் கடிக்கின்றன.
தங்கமீன் இரண்டும்
கேட்க வந்ததை மறந்தவர்கள் போல
வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.
கண்ணாடியில் ஒட்டிய சக்கர் மட்டும்
எதற்கும் அசையவில்லை.
அது அரசாங்க உத்தியோகம்.

"சொம்பால மொண்டு ஒரு முழம் மேலேர்ந்து ஊத்து,
தீனி போடாத"
தேவனாம்பட்டினத்துக் கம்பத்தடியிலிருந்து சொன்னார்.
நம்ம தெருவுக்கு எப்போ என்றேன்.
"புகார் எண் சொல்லுங்கம்மா."
முதலில் ஆஸ்பத்திரியாம், அப்புறம் குடிதண்ணி மோட்டாராம்,
லைன்மேன் பெண்டாட்டி கடைசியாம்.
சிரித்துவிட்டேன்.
சார்ஜ் நாலு சதவீதம்.

மொண்டு ஊற்று.
மொண்டு ஊற்று.
நூறு வரை எண்ணி, கை மாற்றி, மறுபடி ஒன்று.

பத்தரைக்கு எதிர்வீட்டில் ஜெனரேட்டர் உறுமியது.
கலியபெருமாள் அண்ணன் நல்லவர்.
"இழுத்துக்கோ தங்கச்சி, மீனு பாவம்"
மாடியிலிருந்தே வயர்ச் சுருளை வீசினார்,
கடைச் சரக்கு, பிரிக்காதது.
பிடித்தேன்.
பிடித்தபடியே கேட்டேன்:
அண்ணே, மெயினை எறக்கிட்டுத்தான போட்டீங்க?

"எதுக்கு?" என்றார்.
சுவர் பிளக்கில் செருகியிருந்தார், நேராக.

அவர் வீட்டு வெளிச்சம்
மீட்டர் வழியாகப் பின்பக்கமாக நடந்து
கம்பியேறி,
டிரான்ஸ்பார்மரில் பெருத்துப் பதினோராயிரமாகி,
செத்த லைன்தானே என்று நம்பிக்
கை வைக்கிற ஒருவனைத்
தேடிப் போகும்.
எங்களுக்குக் கல்யாணமான வருஷம்
குறிஞ்சிப்பாடி பக்கம் இவர் கூட்டாளி அரசப்பன்

ஓடினேன்.
கிளை மேலேறி, செருப்பில்லாமல்,
அவர் வீட்டு வாசலுக்குள் புகுந்து
ஜெனரேட்டரை நானே நிறுத்தினேன்.
அண்ணி முகம் போன போக்கு
அந்த இருட்டிலும் தெரிந்தது.
மெயினை இறக்கிவிட்டு, இப்ப ஓட்டுங்கண்ணே என்றேன்.
அவர் ஓட்டவில்லை.
கோபமோ, என்னவோ.
ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல்படியில் வயர்ச் சுருள் அப்படியே கிடக்கிறது.
மொண்டு ஊற்று.

தெருவே கரண்டைக் கூப்பிடுகிறது.
பின்வீட்டுக் குழந்தை கூப்பிட்டு அழுகிறது.
எனக்கு மட்டும் வாய் வரவில்லை.
கம்பத்தில் அவர் இருக்கும்வரை
வா என்று எப்படிச் சொல்ல?
வராதே என்று எப்படிச் சொல்ல,
இந்தத் திறந்த வாய்களுக்கு முன்னால்?

நாலேகாலுக்கு, மிச்சமிருந்த ஒரு சதவீதத்தில்
போன் அடித்தது.
"எறங்கிட்டேன்" என்றார்.
அணைந்தது.

ஒரு மாலி மல்லாந்து மிதக்கிறது.
மற்றதெல்லாம் இருக்கின்றன.
சரி, இப்போது வா என்று
சொல்ல வாயெடுத்தேன்.

வேறு கம்பத்தில்
வேறொருத்தி வீட்டுக்காரர் இருப்பார்.

சொம்பை எடுத்தேன்.