தகடுகள் திரும்பி வருவதில்லை

ராவுமா கப்பல் பட்டறையில்
காலை ஆறு மணியும் இரவுதான்.
ராஹேயிலிருந்து ரயிலில் வந்த தகடுகள்
துருவும் உருகிய பனியுமாக
உருளைகளில் ஏறிப் படுக்கின்றன.
நிமிடத்துக்கு இரண்டு மீட்டர்.
சிர்க்கு சாவியைத் திருப்புகிறாள்.

உள்ளே எட்டுச் சக்கரங்கள்
கடுகளவு எஃகு மணிகளை வீசுகின்றன.
மழை என்று சொல்ல வாய் வரும்;
மழைக்கு இவ்வளவு கோபம் கிடையாது.
அடித்த மணிகள் குழியில் விழ,
திருகுத்தண்டு ஓரமாய்த் தள்ளிப்போக,
வாளிகள் வரிசையாய் வந்து அள்ளி
நாலு மாடி உயரம் தூக்கிக் கொட்ட,
காற்று புடைக்கிறது.
கனமுள்ளது மறுபடி சக்கரத்துக்கு.
கடுகு சிறுத்தால் காரமும் குறையும் இங்கே:
ஆயிரம் சுற்று தேய்ந்தது
ஒருநாள் தூசிப்பையில் சேரும்.

தகட்டுக்கு அந்தச் சுற்று இல்லை.
போகும், வெளுத்து வரும்,
சாம்பல் பூச்சு வாங்கும், கப்பலாகும்.

நவம்பரில்தான் பார்த்தாள்,
ஒரு மூலையில் சாக்பீஸ் எழுத்து:
'இன்று கரையோரம் கடல் உறைந்தது.'
அடுத்த வாரம், 'கேன்டீனில் மறுபடி பட்டாணி சூப்.'
பிறகு ஒரு நாய், மூன்று காலோடு.
அங்கே ஏற்றுகிற யாரோ. பெயர் இல்லை.
படித்த கையோடு ரப்பர் திரைக்குள் போய்விடும்.
பதில் எழுத
இங்கிருந்து அங்கே போகும் தகடு எதுவும் கிடையாது.
ஓஸ்ஸியிடம் சொன்னாள்.
'ஏதாவது சரக்கு எண்ணாக இருக்கும்' என்றான்,
காதடைப்பானைக் கழற்றாமல்.

இன்று வந்தது:
'இதை யாராவது படிக்கிறீர்களா?'

திரைக்கு இன்னும் ஒன்றரை மீட்டர்.
நாற்பத்தைந்து விநாடி.

முதலில் மணி வாயை மூடவேண்டும்;
தகடு நின்று மணி நிற்காவிட்டால்
உள்ளே இருப்பது ஒரே இடத்தில் அடிவாங்கி வளைந்துவிடும்.
கைக்கு ஞாபகம் இருந்தது.
மூடினாள். பிறகு உருளைகள்.
சக்கரங்கள் முனகி அடங்கின.
மேலே எங்கோ ஒரு வாளியிலிருந்து
மிச்ச மணிகள் சிந்துவது கேட்டது,
தகர டப்பாவில் அரிசி விழுவது போல.

பையில் சாக்பீஸ் இல்லை.
ஈரத் துருவில் விரலால் எழுதினாள்:
'ஆம்.'
யோசித்து, அதற்கும் கீழே:
'நாய்க்கு நாலாவது கால் எங்கே?'

பிறகு எல்லாவற்றையும் ஓடவிட்டாள்.

பதிவேட்டில்: நிறுத்தம் பதினோரு நிமிடம்.
காரணம், வாளிப் பட்டை நழுவல்.
'இந்தப் பட்டை நழுவி நான் பார்த்ததில்லையே'
என்றபடி ஓஸ்ஸி கையெழுத்திட்டான்.
போகிற போக்கில்
அடுத்த தகட்டின் மூலையைக் குனிந்து பார்த்தான்.
வெறும் துரு.