அனுபோகச் சான்று

காசிமேடு மாநகராட்சிப் பள்ளியில்
மூன்றாம் வகுப்பு நிற்கிற அரை கிரவுண்டுக்கு
யாரோ பட்டா காட்டுகிறார்களாம்.
மண்டல அலுவலகம் என்னிடம் கருத்துரை கேட்டது.

மூலப்பத்திரம் எங்கே என்றேன்.
'கரையானைக் கேளுங்க சார்'
என்றார் தலைமையாசிரியை ஹெப்சிபா.

பீரோவின் அடித்தட்டில்
1961 வருகைப் பதிவேடு மட்டும்,
உப்புக்காற்றில் அப்பளமாகி.

பிப்ரவரி முழுக்க ஆப்சென்ட்
எ. தேசராணி.
ஓரத்தில் சிவப்பு மை:
'கருவாடு காயவைக்கப் போனாள்.'

இரண்டு முறை படித்தேன்.
இல்லாத பள்ளிக்கு
யாரும் வராமல் இருக்க முடியாது.

ஏழாம் பத்தியில்
அவள் பெயரை எழுதினேன்,
வயதைக் குறிப்பிடாமல்.

தடையாணை கிடைத்தது.
அந்த அறையில் இன்று
கழித்தல் கணக்கு நடக்கிறது.
என் பில்தான்
இன்னும் பாஸாகவில்லை.