தேய்ந்த பக்கம்

நூற்றெழுபது வருடத்துக் கட்டடம் என்று
பேப்பரில் போட்டிருந்தான்.
வெள்ளைக்காரன் கட்டியது,
அந்தமானுக்குக் கப்பலேற்றும் முன்
ஆட்களை இங்கேதான் அடைத்து வைத்தான் என்றும்.

எனக்குத் தெரிந்த சரித்திரம் எட்டு வருடம்தான்.
மாதம் இரண்டு மனு.
இரண்டு கம்பிவலைக்கு நடுவில் முழம் அகல இருட்டு.
அந்தப் பக்கம் அண்ணன் தேசிங்கு,
இந்தப் பக்கம் நாற்பது பொம்பளைகளின் கூச்சலில்
என் கூச்சலும் ஒன்று.
ஜாமீன் என்று நான் கத்தினால்
"மீனா? என்ன மீனு?" என்பான்.
சரி, வஞ்சிரம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்
ஒருநாள்.

அவன் வெளியே வந்தான்.
மிச்சப் பேரை வேனில் ஏற்றிப்
புழலுக்குக் கொண்டுபோனார்கள்.
இடிக்கும் முன்னால்
ஜனங்கள் பார்க்கட்டும் என்று திறந்துவிட்டார்கள்.
புளியந்தோப்பிலிருந்து நடந்தே போனோம்.
பொரி, மாங்காய்க் கீற்று, பலூன்காரன்,
கூவம் நாற்றத்தோடு நீளும் வரிசை.
உள்ளே போவதற்கு
அண்ணனும் வரிசையில் நின்றான்,
யாரும் பிடித்துத் தள்ளாமல்.

புது மாப்பிள்ளை ஒருவன்
செல்லுக்குள் போய்க் கம்பியை இறுக்கிப் பிடித்து
மூஞ்சியைக் கோணினான்.
பெண்டாட்டி போட்டோ எடுத்தாள்.
"அப்பிடிப் பிடிக்க மாட்டாங்க தம்பி,"
சொல்லிவிட்டுக் காட்டப் போன அண்ணன்
கையைக் கீழே போட்டுக்கொண்டான்.

அவன் இருந்த இடம் எது என்று கேட்டேன்.
பதில் இல்லை.
ஒரு மதிலோரம் நின்று காதைச் சாய்த்தான்.
சென்ட்ரலில் எந்த வண்டி
எத்தனையாவது பிளாட்பாரம் என்று
யாரோ ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.
"கோரமண்டல் இன்னிக்கு லேட்டு," என்றான்.
அவன் ஒருநாளும் ஏறாத வண்டி.

அப்புறம் புல்டோசர்.
இப்போது அங்கே டாக்டர் பிள்ளைகள்
எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள்.
கல் எங்கே போனதோ தெரியாது.
இரும்பு கொஞ்சம்
மூலக்கொத்தளத்தில் கமாலுதீன் பாய் குடோனுக்கு வந்தது.
ஜன்னலுக்கு கிரில் இல்லாமல்
திருடன் பயத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்,
கிலோ கணக்கில் மலிவாகக் கொடுத்தார்.
எங்கே வந்த இரும்பு என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
எட்வின் அளவெடுத்து வெட்டி
வெல்டிங் வைத்துக் கொடுத்தான்.

ராத்திரி லோடு இறக்கிவிட்டு வந்த அண்ணன்
லைட்டைப் போடாமல் ஜன்னலிடம் போனான்.
கம்பிக்கு இரண்டு விரலாகக்
கொக்கி மாதிரி மாட்டினான்.
மாப்பிள்ளைப் பையனுக்குக் காட்டாமல் விட்டது.
விரலை அந்தப் பக்கம் நீட்டித் தடவினான்.
நெஞ்சு உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு,
கம்பி வழவழவென்று தேய்ந்திருந்தது.
எத்தனை பேர் கை, எந்த வருடத்துக் கை
என்று அதில் எழுதியிருக்கவில்லை.

"எட்வின் திருப்பி வெச்சுட்டான்.
தேய்ஞ்ச பக்கம் தெருவப் பாத்து இருக்கு."

"கழட்டி மாத்தச் சொல்லட்டுமா?"

யோசித்தான்.
தெருவில் ஒரு போலீஸ் ஜீப் மெதுவாகப் போனது.
"வேணாம். இருக்கட்டும்."
சிரித்தானா என்று இருட்டில் தெரியவில்லை.

இதெல்லாம் பழசு.
அந்தக் கம்பியில்தான் இப்போது துண்டு காய்கிறது.

நேற்று கீழ்வீட்டு ரோசலின் வந்தாள்.
கல்யாணமாகி ஏழு மாதம்.
விடியக்காலை புழலுக்குப் போகிறாளாம்,
முதல் மனு.
ஆதார் ஜெராக்ஸ் இரண்டு வைத்துக்கொள் என்றேன்,
வெறும் வயிற்றோடு போகாதே,
சில்லறை வைத்துக்கொள்,
அழுவதென்றால் பஸ்ஸிலேயே அழுதுவிடு.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அங்கே இப்போதெல்லாம்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு போன்,
அந்தப் பக்கம் ஒரு போன் என்று சொல்கிறார்கள்,
கத்த வேண்டியதில்லை என்றேன்.

"கத்தாம என்னக்கா பேசறது?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.