நூற்றிருபத்தெட்டு அடி

மேட்டூர் நிரம்பினால் நூற்றிருபது அடி.
இல்கா ஸ்ட்ரோம் நிரம்பினால்
நிமிடத்துக்கு நூற்றிருபத்தெட்டு.
இரண்டும் எனக்கு மனப்பாடம்,
ஒன்றுக்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

தலைஞாயிறுக்குத் தெற்கே,
கடலுக்கு முந்திய மதகில் நான் லஸ்கர். தற்காலிகம்.
ஷட்டர் சக்கரத்துக்குக் கிரீஸ் வைப்பது,
ஸ்கேலில் மட்டம் பார்த்து ஏ.இ.க்கு அனுப்புவது,
ஆகாயத்தாமரையை அலக்கால் தள்ளிவிடுவது.
மிச்ச நேரமெல்லாம் காதில் அவள்.

எப்படி வந்தாள் என்றால் சிரிப்பீர்கள்.
டெல்டாவுக்கு எப்போது திறப்பு என்று தேடினேன்.
போனுக்கு என்ன புரிந்ததோ,
‘டெல்டா’ என்று
ஒன்பது நிமிட உருப்படி ஒன்றை எடுத்து நீட்டியது.
முதல் நான்கு நிமிடம் எதுவுமே நடக்கவில்லை.
ஒரு டொக்.
இன்னொரு டொக்.
அணைக்கப் போன விரல்
ஐந்தாம் நிமிடத்தில் அந்தரத்தில் நின்றுவிட்டது.

“இது நம்ம மோட்டார் சத்தம்தானேடா” என்பான் வைரக்கண்ணு.
இல்லை.
மோட்டாருக்கு யாரையும் காக்கவைக்கத் தெரியாது.
கரன்ட் வந்தால் ஓடும், போனால் நிற்கும்.
இவள் அடியை அப்படியே உருவிவிட்டு
ஒற்றை விசிலை மட்டும் மேலே மேலே ஏற்றுவாள்.
இருபதாயிரம் பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்
மூச்சு விட மறந்து.
அப்புறம் போடுவாள் பாருங்கள்.
அதை டிராப் என்கிறார்கள்.
எங்கள் பக்கம் அதற்குப் பெயர்
தண்ணி வந்துருச்சு.

இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொரு ஆள்
வேளாங்கண்ணியில், லாட்ஜ் வரவேற்பில் இரவுப்பணி. ரெஜினாள்.
நேரில் பார்த்ததில்லை.
“போன வருச செட்டுல பேஸ் இன்னும் உருண்டையா இருக்கும், கேளு”
என்று குரல்செய்தி வரும்.
பின்னால் யாரோ வெந்நீர் கேட்பார்கள்.

மேட்டூர் திறந்து பதினெட்டாம் ராத்திரி.
இல்காவின் நேரலை ஒன்றரை மணிக்கு.
தண்ணீரும் ஒன்றரைக்கு எட்டும் என்று
மேல்மதகிலிருந்து தகவல்.
போனில் ஆறு சதவீதம்.
கரையில் டிவிஎஸ் எக்ஸெல்கள், டார்ச்சுகள்,
மூன்று கிராமம், ஒரே கொட்டாவி.
நான் காதை அடைத்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்து நின்றேன்.

அவள் உருவிவிட்டாள்.
விசில் ஏறுகிறது.
இரண்டு சதவீதம்.
ஏறுகிறது.
ஒன்று.
இதோ, இதோ என்று பல்லைக் கடிக்கையில்
திரை கறுத்தது.

காதில் தவளைகள்.

அப்போதுதான் வாசம் வந்தது,
காய்ந்த வண்டல் நனைகிற வாசம்.
பின்னால் தண்ணீர், சத்தமே இல்லாமல்,
நுரை, ஒற்றைச் செருப்பு, ஒரு ரப்பர் பந்து
எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு
கூச்சப்பட்ட விருந்தாளி மாதிரி.
“சுத்துடா!” என்றார்கள்.
நூற்றிருபத்தெட்டில் சுற்றிப் பார்த்தேன்.
அறுபதுகூடத் தேறவில்லை, தோள் கழன்றது.
ஷட்டர் முக்கால் அடி ஏறியது.
தென்கரைக்காரர் முறை யாருடையது என்று ஆரம்பித்தார்,
வடகரைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

காலையில் டீக்கடையில் சார்ஜ் போட்டதும்
ரெஜினாள்தான் முதலில்:
“பாத்தியா? போடவே இல்ல!”

பதினொரு நிமிடம் ஏற்றியிருக்கிறாள்.
ஏற்றிவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்து,
எல்லாவற்றையும் அணைத்துவிட்டு,
சும்மா நிற்கிறாள்.
கடைமடைக்காரனிடமா தாயே இந்த விளையாட்டு?
ஏமாந்த கூட்டம் ஒரு நொடி விழிக்கிறது.
பிறகு எங்கோ பின்வரிசையில் ஒரு கால்
தரையில் டொக் என்கிறது.
இன்னொன்று.
இருபதாயிரம் கால்கள்.
அந்த அடியை அவள் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று முறை பார்த்தேன். டீ ஆறிவிட்டது.
நான்காவது முறைக்குள் ஏ.இ. கூப்பிட்டார்:
“மட்டம் எவ்வளவு?”
பெஞ்சுக்குக் கீழே என் கால்
அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.
“ஒண்ணேகால் அடி சார்,” என்றேன்.
“ஏறிக்கிட்டிருக்கு.”