அறுநூற்று எண்பது அடி

கோட்டையூர்ச் செம்புறாங்கல்லை
முதல் நாற்பது அடிவரை வெண்ணெயாய் வழித்தது
திருச்செங்கோட்டு வண்டி.
அப்புறம் பாறை.
அப்புறமும் பாறை.
காபித் தம்ளரில், காசிநாதன் மீசையில்,
முந்நூறு கொய்யாக் கன்றுகளின் இலைமேல்
மாவு சலித்தாற்போல் வெள்ளைப் புழுதி.

புதுக்கோட்டையிலிருந்து வந்த ஜியாலஜிஸ்ட்
நாலு கம்பி நட்டுப் பெட்டியைத் திருகி
தாளில் ஒரு வளைகோடு போட்டுத் தந்திருந்தார்.
ஐந்நூற்றைம்பதில் ஒரு வெடிப்பு,
தவறினால் எழுநூறில் இன்னொன்று.
"நூத்துக்கு அறுபது சான்ஸ்மா."
நாற்பதைப் பற்றி நான் கேட்கவில்லை.
வெயிலில் நின்று பார்த்தால்
அறுபது நூறாகத்தான் தெரியும்.

தேங்காய் வைத்துப் பார்ப்பவரும் வந்தார்.
அதே இடத்தில் அவர் உள்ளங்கையில்
தேங்காய் எழுந்து நின்றது.
இரண்டு பேர் ஒரே இடம் காட்டினால்
பிறகென்ன சந்தேகம்?
சுண்ணாம்பு வட்டம் அவருக்கு முன்பே
அங்கே கிடந்தது என்பது
ராத்திரி பாய் விரிக்கும்போதுதான் உறைத்தது.

ஐந்நூற்றைம்பது வந்தது, போனது.
வேலியோரம் நின்ற அடைக்கலம்
தன் தோட்டத்தில் ஐந்நூற்றுப் பத்தில்
பனை உயரம் பீறிட்டதை
மறுபடி சொன்னார்.
அதே தெருவில் வறண்டுபோன மூன்று குழிகளின் கதையைச் சொல்ல
உரியவர்கள் யாரும்
வேலியோரம் வரவில்லை.

அறுநூற்று அறுபது.
ஒரு குழாய் இருபது அடி.
ஒரு குழாய் மூவாயிரத்து அறுநூறு.
ஆரம் வங்கியில், ரசீது என் பர்ஸில்.
போனதை நினைக்காதே, இனிப் போவதை மட்டும் பார்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
போன ஒரு லட்சமோ
கடன்காரனாக வந்திருந்தால் விரட்டியிருப்பேன்;
இடுப்பை விட்டு இறங்காத பிள்ளையாக
முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது.
இன்னொரு குழாய் இறங்கியது.

"இன்னும் ஒரே ஒரு குழாய்க்கா"
என்றார் செங்கோட்டுவேல்.
நல்ல மனிதர். ஏமாற்றுகிற குரல் இல்லை.
ஆனால் அந்த 'ஒரே ஒரு'...
போன ஆனியில், இரவு பதினோரு மணிக்கு,
செல்போன் வெளிச்சம் மூஞ்சியில் அடிக்க,
காசிநாதன் சொன்னது:
"கச்சா எண்ணெய் ஏறிடும் பாரு.
இன்னும் ஒரே ஒரு லாட்."
காதுக்கு முன்னால் என் வயிறு கேட்டுவிட்டது.

"நிறுத்துங்க."

கம்ப்ரசர் அடங்கியதும்
எங்கோ ஒரு செம்போத்து கூவுவது கேட்டது;
காலையிலிருந்தே கூவியிருக்கும்.
காசிநாதன் ஏன் என்று கேட்கவில்லை.
கேட்காததற்கு நன்றி சொல்வதா,
அவரும் அதே குரலைத்தான் கேட்டாரா,
தெரியவில்லை.

ஊருக்கு நான் சொன்னது
வளைகோடு, அடி விலை, நகைக்கடன் வட்டி.
எல்லாம் உண்மை.
எதுவும் காரணமில்லை.

குழிக்கு மூடி போட்டு மேலே கருங்கல் வைத்தாயிற்று.
"இருபதடியில விட்டுட்டியே" என்கிறார் அடைக்கலம்,
கீழே போய்ப் பார்த்து வந்தவர்போல.
"தப்பிச்சே" என்கிறாள் அவர் மனைவி.
அவளும் போய்ப் பார்த்தவள்தான்.
தண்ணீர் வந்திருந்தால் என்னைத் துணிச்சல்காரி என்பார்கள்,
வராமல் போயிருந்தால் பேராசைக்காரி;
இறக்கியிருக்கப்போவது என்னவோ
அதே ஒரு குழாய்.

அன்று வயிற்றில் பேசியது
வெறும் பயமா,
பணம் கட்டிப் படித்த பாடமா?
இரண்டும் ஒரே வாயால் பேசுகின்றன.
ஆள் பார்த்து அடையாளம் சொல்ல
எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது செவ்வாய், வெள்ளி லாரித் தண்ணீர்.
நர்சரிக்காரர் வந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.
"நூத்துக்கு எழுபது பொழச்சுக்கும்."

எந்தத் தொண்ணூறு கன்று பொழைக்காது
என்று கேட்டேன்.
அவர் சிரித்தார்.
நான் குடத்தை இடுக்கிக்கொண்டு
வரிசையைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.