சத்தம் எந்தப் பக்கம்

கோட்டூர் தாண்டியதும் தொடங்கிவிடும்.
நாற்பதில் ஒரு முனகல்.
ஐம்பதில், யாரோ அடித்தொண்டையில்
கணக்குப் பார்ப்பதுபோல்.
அறுபதைத் தொட நான் துணிந்ததில்லை.
இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்து ஜென்,
மன்னார்குடி பல்டாக்டர் ஒருவரிடம் வாங்கியது.
டேஷ்போர்டைத் திறந்தால் இன்னும் கிராம்பு வாசம்.

முதலில் சந்தேகப்பட்டது என்ஜினை.
கிளட்சை மிதித்தேன். என்ஜின் தணிந்தது,
சத்தம் தணியவில்லை.
நியூட்ரலில் விட்டேன்.
முள்ளியாற்றுப் பாலத்து இறக்கத்தில்
வண்டி தன்பாட்டுக்கு உருள
அதுவும் கூடவே உருண்டது.
பிரேக்கைத் தடவிப் பார்த்தேன். சம்பந்தமில்லை.
டிக்கியில் கிடந்த வசூல் நோட்டுகள்,
கடைக்காரர்களுக்குக் காட்டும் பூச்சிமருந்து டப்பாக்கள்,
ஸ்டெப்னி, ஜாக்கி,
எல்லாவற்றையும் வீட்டில் இறக்கிவிட்டு வந்தேன்.
காலி வண்டியில் இன்னும் தெளிவாகக் கேட்டது.

பேரிங்தான்.
வலது முன்பக்கம் என்று சிராஜுதீனிடம் சொன்னேன்.
மாற்றினார்.
அடுத்த மாதம், வலது பின்பக்கம் என்றேன்.
அதையும் மாற்றினார்.
பாவம் மனிதர், என் காதை நம்பிவிட்டார்.

என் இடது காது எட்டாம் வகுப்பில் போனது.
சீழ், காய்ச்சல்,
திருவாரூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள்.
அதிலிருந்து உலகத்துச் சத்தமெல்லாம்
எனக்கு வலப்பக்கம்தான்.
இடி வலப்பக்கம். கோயில் வேட்டு வலப்பக்கம்.
கூட்டத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
ஆளில்லாத திசையைப் பார்த்துச் சிரிப்பேன்.

தை கடைசி, பொழுது இறங்கியிருந்தது.
பாதி ரோட்டில் நெல்,
சுற்றிலும் கல் வைத்துத் தார்ப்பாய் மூடி.
களப்பால் பக்கம் ஒருவன் கைகாட்டினான்.
ஆத்தூர்க்காரன், அறுவடை மெஷின் ஓட்டுகிறவன்,
பெயர் பொன்னுரங்கம்.
தோளில் மாலைபோல் ஓர் அறுந்த பெல்ட்.
கடை அடைக்குமுன் திருத்துறைப்பூண்டி போகணுமாம்.
ஏறிக் கதவைச் சாத்தி ஏதோ சொன்னான்.
அந்தக் காது கேட்காது என்றேன்.
"எனக்கும் மெஷின்ல பாதி போச்சுங்க"
என்று கத்தினான்.
கூட்டிப் பார்த்தால் இருவருக்குமாக
ஓர் ஆளுக்கான காது தேறும்.

அவன் காதைக் கொடுக்கவே இல்லை.
செருப்பைக் கழற்றி
உள்ளங்காலை வண்டித் தரையில் பதித்தான்.
"ஒருதரம் வலதுக்கு ஒடிங்க."
ஒடித்தேன்.
அதிர்வு முழங்கால்வரை ஏறியதாம்.
"இப்ப இடதுக்கு."
கணுக்காலோடு நின்றதாம்.
"வலதுக்கு ஒடிச்சா பாரம் இடதுலதான் விழும்.
இடது முன்சக்கரமுங்க, என் காலுக்குப் பக்கத்துலயே.
சும்மா கால வெச்சாலே தெரியுமே,
வீட்ல யாரும் சொல்லலைங்களா?"

சொல்லியிருக்கிறாள்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒருமுறை,
வேதாரண்யம் போகையில் ஒருமுறை.
வாய் அசைந்தது, குனிந்து காலைக் காட்டினாள்.
கொலுசு பற்றி ஏதோ என்று நினைத்துத்
தலையாட்டினேன்.

சிராஜுதீன் பழைய பேரிங்கை
என் விரலில் மாட்டிச் சுழற்றச் சொன்னார்.
சோற்றில் மணல் கடிப்பதுபோல் இருந்தது.
வலப்பக்கத்துக்குக் கொடுத்த பணம் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை
குமுதவல்லிக்கு முன்கதவைத் திறந்து பிடித்தேன்.
அவள் சுற்றிவந்து
என் முதுகுக்கு நேர்பின்னால் உட்கார்ந்து
வலது தோளுக்கு மேல் தலையை நீட்டி
பேச ஆரம்பித்தாள்:
அடுப்பில் ஒரு பர்னர் எரியாதது,
அவள் தம்பி கேட்ட கடன்,
போன வருஷமே சொல்லி முடித்ததாக
அவள் நினைத்திருந்த ஏதேதோ.
கோட்டூர் வந்தது. நிறுத்தவில்லை.
அறுபதில் போனேன், கவனிக்கவே இல்லை.

டீக்கடையில் மாஸ்டர்
முதல் கிளாஸை அவளிடம் நீட்டினார்.
"டிரைவருக்கும் ஒண்ணு போடவா அக்கா?"
"போடுங்க,
சர்க்கரை கம்மியா" என்றாள்.